தனித்தனியாகச் சொன்ன ஒரே பதில்

அந்தச் சலவைக் கம்பெனியில் இயந்திரத்துக்குப் பெயர் கொதிகலன். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டால் அப்படித்தான் எழுதியிருந்தது. பாய்லர் என்றால் அதை ஓட்டுகிற ஆள். "பாய்லர் சாப்பிட்டாச்சா?", "பாய்லருக்கு இன்னைக்கு முகமே சரியில்லையே" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் வெளியாட்கள் குழம்பிப் போவார்கள். உள்ளே இருப்பவர்கள் குழம்புவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாம் வேன் வேனாக வந்து இறங்கி, வெளுத்து, காய்ந்து, சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து தட்டையாகி, மடிந்து, அதே வேனில் திரும்பிப் போகும். அத்தனைக்கும் நீராவி வேண்டும். காலை ஷிப்டில் அதைக் கிளப்பிக் கொடுப்பவன் பாய்லர். மாலை ஷிப்டில் அவன் மனைவி வந்து உருளைப் பக்கம் நிற்பாள். ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, சுருக்கம் விழாமல் உருளைக்குள் கொடுக்கும் வேலை அவளுக்கு.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஷிப்ட் வாங்கிக்கொண்டது சும்மா இல்லை. வீட்டில் அவனுடைய அப்பா இருந்தார். சாப்பிட்டோமா இல்லையா என்பது அவருக்கு நினைவிருக்காது. எப்போதோ ஓய்வுபெற்ற வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு முறை பெரிய சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். ஆகவே எந்நேரமும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

நல்ல வேளையாக வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவே ஒரு சந்து. கொதிகலன் அறை ஜன்னலில் நின்றால் வீட்டின் பின்கதவு தெரியும். ஷிப்ட் மாறும் சங்கு ஊதியதும் அவன் இந்தப் பக்கமிருந்து வருவான், அவள் அந்தப் பக்கமிருந்து வருவாள். "மாத்திரை குடுத்தாச்சு." "மேல் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்." "கேஸ் தீரப் போகுது." இவ்வளவுதான் பேச்சு. அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி அந்தச் சந்தில்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளிக்கு எதிர்காலத்தைப் பற்றிக் கவலை வந்தது.

எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் மடிப்புக் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "இந்தக் கம்பெனி நாளைக்கு எப்படி இருக்கணும்னு நான் ஒருத்தன் மண்டையை உடைச்சுக்கிட்டுப் பிரயோஜனம் இல்லை. உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு துண்டு இருக்கு. எல்லாத்தையும் சேர்த்தாத்தான் முழுப்படம் கிடைக்கும்."

மடிப்புக்கூடத்து அக்கா பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, "துண்டெல்லாம் நேத்தே எண்ணி அனுப்பியாச்சே, என்ன சொல்றார்?" என்று கிசுகிசுத்தாள்.

துண்டுகளைச் சேர்ப்பதற்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம், கையில் பேனா. ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பாள். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகாது. முதலாளிக்குக்கூடச் சொல்ல மாட்டாள். "தனித்தனியா கேட்டாத்தான் மனசுல இருக்கறது வரும்" என்றாள். இதில் எந்தத் தப்பும் இல்லை. அவளுக்கு அந்தக் கம்பெனி ஆட்களைத் தெரியாது, அவ்வளவுதான். அவளுக்குக் கேள்விக்காரம்மா என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

தனி அறை, ஒரு நாற்காலி, எதிரே பேனாவோடு ஓர் ஆள் என்றால் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பரீட்சை. பரீட்சை என்றால் சரியான பதில் ஒன்று இருக்கும். அது தெரியாமல் உள்ளே போகிறவன் முட்டாள்.

எல்லாம் நீராவியிலிருந்துதானே தொடங்குகிறது என்று முதல் ஆளாகப் பாய்லரைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு இந்தக் கம்பெனி எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் கேள்விக்காரம்மா.

பாய்லர் எதையுமே நினைத்ததில்லை. கம்பெனி நாளைக் காலையில் இருக்க வேண்டும், சந்துக்கு அந்தப் பக்கம் வீடு இருக்க வேண்டும், அதற்கு மேல் அவனுக்கு ஆசையில்லை. ஆனால் அதைச் சொன்னால் மட்டமாகப் போய்விடும் என்று தோன்றியது. தலையைச் சொறிந்தான். சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. கோடையில் ஒரு நாள் தண்ணீர்க் குழாய் வெடித்து, வேன் சந்தில் சிக்கி, எல்லாமே தகராறாகிக் கிடந்தபோது முதலாளி கொதிகலன் அறைக்கு வந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "பேசாம எல்லாத்தையும் தூக்கிட்டு ஊருக்கு வெளியே போயிடணும்ப்பா. பெரிய ஆஸ்பத்திரியே அங்கதான் வரப் போகுது" என்று சொல்லியிருந்தார். முதலாளி மனசில் இருப்பதைச் சொன்னால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

"ஊருக்கு வெளியே போயிடணும்ங்க. புது ஆஸ்பத்திரி பக்கத்துல" என்றான்.

"அருமை!" என்று அவள் எழுதப் போனாள். பேனா உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இருவரும் குனிந்து தேடினார்கள். அவன் தலை மேஜையில் இடித்தது. அவள் சிரிக்க, வெட்கத்தில் அவனும் சிரிக்க, பேனா கிடைத்து வெளியே வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

வெளியே வரிசையில் நின்றவர்களுக்குப் பேனா உருண்டது தெரியுமா? உள்ளே போன ஆள் நெடுநேரம் வரவில்லை, சிரிப்புச் சத்தம் கேட்டது, நெற்றியைத் தடவிக்கொண்டு முகம் மலர வெளியே வந்தான். அவன் சொன்னதுதான் சரியான பதில் என்பதில் அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம்?

"அண்ணே, என்ன கேட்டாங்க? என்ன சொன்னீங்க?" என்று கையைப் பிடித்தான் நுரை. துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். கையில் முழங்கை வரை எப்போதும் சோப்பு நுரை இருப்பதால் அந்தப் பெயர்.

பாய்லர் சொன்னான். நுரை உள்ளே போனான். வெளியே வந்து வேன்காரருக்குச் சொன்னான். வேன்காரர் மடிப்புக்கூடத்து அக்காவுக்குச் சொன்னார். பரீட்சையில் பக்கத்து ஆளுக்கு விடையைக் காட்டுவது என்பது நல்ல மனசு உள்ளவர்கள் செய்கிற காரியம். அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் நல்ல மனசு.

ஒரு வாரம் கழித்துக் கேள்விக்காரம்மா ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மறுபடியும் மடிப்புக் கூடத்தில் கூட்டம். தாளை விரித்துச் சுவரில் ஒட்டினாள். அவள் குரலே நடுங்கியது.

"நான் எத்தனையோ கம்பெனிக்குப் போயிருக்கேன். பத்துப் பேரைக் கேட்டா பதினோரு பதில் வரும். இங்க ஒவ்வொருத்தரும் தனியா உட்கார்ந்து, யாருக்கும் தெரியாம, ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கீங்க. கம்பெனி ஊருக்கு வெளியே போகணும்னு. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாய்லர் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஊருக்கு வெளியே என்றால் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சங்கு ஊதினால் சந்தைத் தாண்டி ஆள் மாறுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. அப்பாவைத் தனியே விட முடியாது. அவனோ அவளோ ஒருவர் வேலையை விட வேண்டும். ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். அது இப்போது தாளாகி, கோடும் கட்டமுமாகச் சுவரில் தொங்குகிறது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று நொந்துகொண்டான்.

பக்கத்தில் போய்த் தாளைப் பார்த்தான். அங்கேதான் குழப்பம் இன்னும் கூடியது. சொன்ன பதில் ஒன்றாக இருந்தாலும் காரணத்தை ஆளாளுக்குச் சொந்தமாகச் சேர்த்திருந்தார்கள். பரீட்சையில் அப்படியே காப்பியடித்தால் மாட்டிக்கொள்வோம் இல்லையா? இங்கே தண்ணீர் உப்பு, சோப்பு நுரைப்பதில்லை, துணி சீக்கிரம் கிழிகிறது. சந்தில் வேன் திரும்ப முடியவில்லை. மடிப்புக் கூடத்தில் கூரை தாழ்வு, கோடையில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். கொதிகலனுக்கு வயசாகிவிட்டது. எதுவும் பொய்யில்லை. படிக்கப் படிக்க, போவதுதான் சரியோ என்று அவனுக்கே தோன்றியது. நினைக்காமல் சொன்னது சரியாக இருந்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? தான் போகச் சொல்கிறோமா, வேண்டாம் என்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் நுரையைப் பிடித்தான்.

"உனக்கு நிஜமாவே போகணுமா?"

"ஏண்ணே, உங்களுக்கு வேணாமா?"

"நான் உன்னைக் கேட்கறேன்."

"நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

"உன் மனசுல இருக்கறதைச் சொல்லுடா!"

நுரை சோப்புக் கையால் காதைச் சொறிந்தான். "என் பொண்ணு இங்கதாண்ணே பள்ளிக்கூடம். அவளை விட்டுட்டு வர்றதுக்கு நேரம் இருக்காது. ஆனா எல்லாரும் போகணும்னு ஆசைப்படறப்போ நான் ஒருத்தன் குறுக்கே நிக்கலாமா? நீங்கதானே முதல்ல சொன்னீங்க. யோசிக்காமயா சொல்லியிருப்பீங்க?"

யோசிக்காமல்தான் சொன்னேன் என்று பாய்லர் எந்த மூஞ்சியோடு சொல்வான்?

வேன்காரரிடம் போனான். அவர் அதைவிடக் குழப்பினார். "போனா எனக்கு ஆஸ்பத்திரி பக்கம், ஓட்டம் கம்மி. போகலைன்னா எனக்கு வீடு பக்கம். ரெண்டும் நல்லதுதான், ரெண்டும் கெட்டதுதான். நீ எந்தப் பக்கம்?" என்றார். "தெரியலை" என்றான் பாய்லர். "அப்ப நானும் தெரியலை பக்கம்தான்" என்று வேனில் ஏறிவிட்டார். மடிப்புக்கூடத்து அக்கா மட்டும் கோபப்பட்டாள். "எல்லாரும் சொன்னதாச்சே, இப்ப வந்து ஆளைக் கலைக்காதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் வீடு அடுத்த தெருதான்.

சந்தில் தினமும் மனைவி எதிரே வந்தாள். ஏனோ இந்த நாட்களில் அவள் முகம் தெளிவாக இருந்தது. "புது இடம் நல்லாக் காத்தோட்டமா இருக்குமாமே?" என்று ஒரு நாள் கேட்டாள். அவன் மனசு ஒடிந்து போகக் கூடாது என்று இப்படிப் பேசுகிறாள், பாவம் என்று அவன் நினைத்துக்கொண்டான். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று தலையைக் குனிந்து போய்விட்டான். தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை அவளிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. முதலில் இதை எப்படியாவது நேராக்கிவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஊருக்கு வெளியே பார்த்து வைத்திருந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு முதலாளி வெள்ளிக்கிழமை வாக்குக் கொடுப்பதாக இருந்தது. புதன்கிழமை பாய்லர் துணிந்து முதலாளி அறைக்குப் போனான். அவர் தாடையில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, எனக்கு இங்கேர்ந்து போகவே பிடிக்கலை" என்றார், அவன் கேட்பதற்கு முன்பே. "இந்த வயசுல புதுசா கட்டடம், புதுசா கடன், எல்லாம் எதுக்கு? ஆனா இத்தனை பேர் தனித்தனியா உட்கார்ந்து ஒண்ணையே சொல்றீங்க. அதுக்கு மேல நான் பேசினா, எதுக்குக் கேட்டேன்னு ஆயிடும் இல்லையா?"

பாய்லர் மேஜைக்குப் பக்கத்தில் வந்தான். "சார், போகணும்னு முதல்ல சொன்னதே நீங்கதானே?"

"நானா? எப்ப?"

"குழாய் வெடிச்ச அன்னைக்கு. கொதிகலன் ரூம்ல."

முதலாளி விழித்தார். "வெயில்ல ஏதாவது உளறியிருப்பேன். அதைப் போய் நீ..."

"உங்க விருப்பமாச்சேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்."

"சரி, நீ சொன்னே. மத்தவங்க?"

"நான் என்ன சொன்னேன்னு கேட்டுட்டுப் போய்ச் சொன்னாங்க."

"நீ சொன்னதை அவங்க எதுக்குச் சொல்லணும்?"

"சரியான பதில்னு நினைச்சிருக்காங்க சார்."

"அப்ப இந்த உப்புத் தண்ணி, தாழ்வான கூரை, அதெல்லாம்?"

"அது உண்மைதான் சார்."

முதலாளி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "என்னய்யா இது? நான் சொன்னதை நீ சொல்லி, நீ சொன்னதை ஊரே சொல்லி, ஊர் சொல்லுதுன்னு நான் கிளம்பப் பார்க்கறேன். இதுல போகணும்னு நிஜமா நினைச்சவன் யாரு?"

"அதான் சார் எனக்கும் தெரியலை."

பிறகு முதலாளி, நாளைக்கு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் இரண்டு ஷிப்டையும் சேர்த்துக் கூட்டம் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை மடிப்புக் கூடம் நிறைந்து வழிந்தது. விரிப்புக் குவியல்களுக்கு மேலெல்லாம் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். உருளைப் பெண்கள் பின்வரிசையில் நின்றார்கள். பாய்லரின் மனைவியும் அங்கே இருந்தாள். அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவனுக்குப் பக்கென்றது. கண்ணாலேயே கேட்டான். பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல அவள் கையைக் காட்டினாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்தத் தடவை ஒளிவு மறைவு வேணாம்" என்றார் முதலாளி. "நாளைக்கு வாக்குக் குடுக்கணும். இடம் மாற வேணாம்னு நினைக்கறவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஒரு கைகூட எழவில்லை. நுரை பாய்லரைப் பார்த்தான். வேன்காரர் பாய்லரைப் பார்த்தார். மடிப்புக்கூடத்து அக்கா கூரையைப் பார்ப்பதுபோல் பாய்லரைப் பார்த்தாள். பாய்லர் தன் கையைப் பார்த்தான். வால்வைத் திருகித் திருகி உரமேறிய கைதான், ஆனால் அன்றைக்கு அதற்கு எடை கூடிவிட்டது. தூக்கினால் முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள். தூக்காவிட்டால் சந்து, வீடு, அப்பா எல்லாம் போச்சு. உப்புத் தண்ணீரும் தாழ்ந்த கூரையும் ஒரு பக்கம் இழுத்தன. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய சாலையில் நின்ற கோலம் இன்னொரு பக்கம் இழுத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினான்.

கண்ணைத் திறந்தபோது கூடமெல்லாம் கைகள்.

நுரையின் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் வழிந்தது. வேன்காரர் சாவியோடு தூக்கியிருந்தார். மடிப்புக்கூடத்து அக்கா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். முதலாளி ஒரு நொடி தயங்கி, தானும் தூக்கினார். கூடத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது. பாய்லருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

சிரிக்காத ஆள் கேள்விக்காரம்மா. பாவம், அவள் சுவரிலிருந்த தன் தாளையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம். இது உங்க சொந்தக் கருத்தா, இல்லை அவர் தூக்கினதைப் பார்த்துத் தூக்கறீங்களா?"

"சொந்தக் கருத்துதான்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பாய்லர் பின்வரிசையைப் பார்த்தான். உருளைப் பெண்கள் எல்லோரும் கையைத் தூக்கியிருந்தார்கள். நடுவில் அவன் மனைவி மட்டும் தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்காது, பின்னால் சத்தம் அதிகம் என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான். கை தூக்காத ஒருத்தியை முதலாளி கவனிக்கவில்லை. கூட்டம் கலைந்தது. உருளைகள் சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பாய்லர் சந்தைத் தாண்டி வீட்டுக்குப் போனான். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவன் தங்கை.

"நீ எப்ப வந்தே?" என்றான்.

"காலையிலேயே வந்துட்டேண்ணா. அண்ணி உங்கிட்ட சொல்லலையா? ஒரு வாரமா தினமும் நீ வேலைக்குப் போனப்புறம் அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கிட்டிருக்கோம். உன் ஷிப்ட் முடியறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுவேன். முதல் ரெண்டு நாள் முரண்டு பிடிச்சார். இப்ப எங்க மாமியாரோட உட்கார்ந்து டிவி பாக்கறார். கம்பெனி மாறினப்புறம் அண்ணி பஸ் ஏறினதுலேர்ந்து நீ வந்து சேர்ற வரைக்கும் அப்பா எங்கிட்டன்னு அவங்களே எல்லாம் பேசி வெச்சிருக்காங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். "என்னப்பா?" என்றான். அப்பா பிஸ்கட்டை நீட்டினார்.

ஒரு வாரமாக ஜன்னலிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்த பின்கதவுக்குப் பின்னால் அப்பாவே இல்லை. அவனுக்குத் தெரியவில்லை. எதிர்காலத்தை எப்படி அமைப்பது என்று கம்பெனியே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் அமைத்து முடித்திருந்தாள்.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கதவருகே நின்று, "மாமா சாப்பிட்டாரா?" என்று நாத்தனாரைக் கேட்டாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

பாய்லர் அவளைச் சந்துப் பக்கம் கூட்டிப் போனான். "நீ ஏன் கை தூக்கலை?"

"எனக்குப் போகணும்ங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அந்தம்மா கேட்டாங்க, மனசுல இருந்ததைச் சொன்னேன்."

"நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே சொன்னே?"

"எங்க ஷிப்ட்ல என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. நீங்க காலையில என்ன சொன்னீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சந்துல நாம மாத்திரையைப் பத்தித்தானே பேசினோம்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தச் சந்தைத் தவிர நான் எங்கங்க போயிருக்கேன்?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "இந்தப் பக்கம் வந்தா அடுப்பு, அந்தப் பக்கம் போனா உருளை. ஊருக்கு வெளியே புது ஆஸ்பத்திரி வர்ற இடத்துக்கு பஸ்ல போனா ஒரு மணி நேரம் ஆகும்னு முன்னாடியே கேள்விப்பட்டிருந்தேன். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேக்காம, ஜன்னலோரமா சும்மா உட்கார்ந்துட்டுப் போகலாமேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். அதுக்காகக் கம்பெனியே மாறணும்னு சொல்றது தப்பான்னு கூட யோசிச்சேன். அப்புறம் எல்லாரும் அதையே சொன்னாங்கன்னு தெரிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் அதையே சொன்னீங்கன்னு நுரை சொன்னான். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை, சந்தோஷத்துல. நாம ரெண்டு பேரும் பேசிக்காமலே ஒண்ணையே நினைச்சிருக்கோமேன்னு. அப்பாவை நினைச்சு உங்களுக்குக் கவலையா இருக்கும், எல்லாத்தையும் சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னுதான் சொல்லலை."

பாய்லருக்குக் கண் கலங்கியது. நுரையைக் கேட்டான், வேன்காரரைக் கேட்டான், முதலாளியைக்கூடக் கேட்டான். தினமும் எதிரே வருகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

கம்பெனிக்குள்ளிருந்து, உருளைகள் சூடாகிவிட்டன என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"இரு. நாளைக்குத்தானே வாக்கு. காலையில முதலாளிகிட்டப் போய் மறுபடியும் சொல்லிடறேன்" என்றான்.

அவள் நின்றாள். "என்னன்னு சொல்வீங்க?"

தனக்குப் போகணுமா, வேண்டாமா என்பது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.